மர்ஸூக் முதலாளியின் வெப்சைட் திறப்பு விழா

2004இல் பதுளை பஜாரில், தன் துணிக்கடைக்கு மேல்மாடியில் மர்ஸூக் முதலாளி கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதில் தூசி படக்கூடாது என்பது மட்டும்தான். படிப்பித்தவள் ஹாலிஎலத் தோட்டத்து றமீலா. மூன்று மாதமாகத் தற்காலிகம். ஜாவாவில் ஒரு வெப் பேஜ் செய்து திறப்பு விழாவில் ஓட்டிக்காட்டினால் நிரந்தரம்; இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று கொழுந்துக்கூடையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளா அசருகிறவள்! பேஜை உரிய ஃபோல்டரில் போட்டு, அதே கம்ப்யூட்டரில் சர்வரை ஓடவிட்டாள். பெயரை அடித்துப் பட்டனை அழுத்தினால், அந்தப் பெயரைச் சொல்லியே வரவேற்கும். பத்துத் தடவை சோதித்துவிட்டுப் பதினோராவது தடவையும் சோதித்தாள். திரையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதுதான் சர்வர், அதை மூடினால் எல்லாம் நின்றுவிடும்.

பிரதம விருந்தினர் சிதம்பரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமை லிகிதர், அதாவது ஹெட் கிளார்க். அவரை அழைத்துவர றமீலா கீழே இறங்கிய நேரம் பார்த்து, முதலாளியின் கண்ணை அந்தக் கறுப்பு உறுத்தியது. பெரிய மனுஷர் வருகிற இடத்தில் இதென்ன அசிங்கம்! மூடிவிட்டார். திரையையும் துடைத்துவைத்தார். என்னே பொறுப்பு!

றமீலா எழுத்துகளைக் காட்டக் காட்ட, லிகிதர் தன் பெயரை அடித்துப் பட்டனை அழுத்தினார். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று திரை நிறைய ஆங்கிலம் வந்து விழுந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், அதை ஒத்துக்கொள்வாரா? நெற்றியைச் சுருக்கி மேலும் கீழும் பார்த்தார், கைதட்டினார். அவரே தட்டினால் சபை சும்மா இருக்குமா? விசில் பறந்தது. நியமனக் கடிதத்தோடு மர்ஸூக் எழுந்தார்.

வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். றமீலா கடிதத்தை வாங்காமல் திரையைக் காட்டினாள்.

"ஐயா, அது வேலை செய்யலைங்க. யாரோ சர்வரை மூடிட்டாங்க. ஒரு நிமிஷம் இருங்க."

சர்வரை மறுபடி ஓடவிட்டு, அவர் பெயரைத் தானே அடித்தாள். வரவேற்பு வந்தது, தப்பில்லாமல், அவர் பெயரோடு. சத்தமாக வாசித்தும் காட்டினாள்.

லிகிதர் உதட்டைப் பிதுக்கினார். "முந்தி வந்ததுதான் பிள்ளை வடிவா இருந்தது. எவ்வளவு எழுத்து! இதில ஒரு வரிதானே கிடக்கு."

"அதானே!" என்றார் மர்ஸூக். "புள்ள, இந்தாங்க கடிதம். இனி ஆள் வந்தா மொதல்ல வந்ததையே காட்டுங்க."

றமீலாவுக்கு அழுகைதான் வந்தது. ஆனாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். வேலை நிரந்தரமாயிற்று. அவள் செய்த பேஜை அதற்குப் பிறகு எந்த விருந்தினரும் பார்க்கவில்லை.