முள்வேலிக்குள் அக்கா நடத்திய ஆங்கில வகுப்பு

எங்கள் அக்கா கெர்லிங் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில், பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமானதால் ஆங்கிலப் பள்ளியைப் பாதியில் விட்டு, ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போனார். தம்பி நான் அதற்கும் முன்பே படிப்பை நிறுத்தியவன். எழுதும்போதே எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் ஆண்ட அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வாசலில் எல்லாரையும் சோதித்தார்கள். கேட்பது புரியாமல் பெண்கள் நடுங்குவதைப் பார்த்த அக்கா, வாசலில் அடிக்கடி காதில் விழும் சொற்களாகப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டார். அரிசிக்கு ரைஸ், அடையாள அட்டைக்குக் கார்டு, நோவுக்குச் சிக், காட்டிலிருப்பவர்களுக்குப் பேண்டிட், இப்படிக் கொஞ்சம்தான். வேலை முடித்த களைப்போடு, ஊரடங்குக்கு முன், அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல அம்மாவும் மற்றப் பெண்களும் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள்.

ஒருநாள் காலை, அம்மாவின் மடியிலிருந்த முடிச்சைக் காட்டி ஒரு சிப்பாய், "ரைஸ்?" என்றான்.

வகுப்பில் பழகியபடியே அம்மா, "ரைஸ்!" என்றார்.

"பேண்டிட்?"

"பேண்டிட்!"

முடிச்சில் இருந்தது வெற்றிலைதான். ஆனாலும் அந்தச் சொல் அவர் வாயாலேயே வந்துவிட்டதே! லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்நாளில் யாருக்கும் தெரியாது.

அக்கா பால்வாளியை அப்படியே போட்டுவிட்டுப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். "ஐயா, நான் சொல்லிக்கொடுத்த முறைதான் தப்பு. நீங்களே ஏதாவது சொல்லிப் பாருங்கள்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

அதிகாரி அம்மாவிடம், "டைகர்?" என்றார்.

அம்மா எழுந்து நின்று, "டைகர்!"

"குயின்?"

"குயின்!"

அதிகாரி சிரித்தேவிட்டார். அம்மாவை விட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில், "இனிமே கிளாசு வேணாம்மா. ஒன்ன ஜெயில்ல பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றார்.

"ஏண்டி, பாதி சொல்லிக்குடுத்து மாட்டிவிட்டுட்டு ஓடப் பாக்கிறியா? இல்லன்னு சொல்றதுக்கு என்ன வார்த்த? அத மொதல்ல சொல்லு லா!"

அன்று மாலையே பட்டியலின் முதல் வரியில் 'நோ' ஏறியது. திருப்பிச் சொல்வது நின்றது. அக்கா சிப்பாய்போல் அதட்டிக் கேட்க, பெண்கள் யோசித்துப் பதில் சொன்னார்கள். "இந்தச் சிப்பாய்க்கு மீசையே காணோமே!" என்று கேலியும் செய்தார்கள்.

வேலி எடுத்த பிறகும் அக்கா பகலில் மரம் வெட்டி, மாலையில் சொல்லிக்கொடுத்தே தேய்ந்துபோனார். கடைசியில் சுங்கை ஆயர் தாவாரில், மகள் வீட்டில், ஓய்ந்து கண்மூடினார்.

உடனிருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும் நன்றி. அம்மா பிடிபட்ட அன்று மாலை வகுப்புக்கு வந்த பெண்களில் சிலர் இன்னும் இருக்கிறீர்கள். யாரும் வராமல் போயிருந்தால் அக்கா அந்தப் பட்டியலைக் கிழித்துப்போட்டிருப்பார். பயத்தோடேயே வந்து உட்கார்ந்தீர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.