கொழும்புக்காரர் கடையில் அம்மா

அம்மாவை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில்தான் நாங்கள் முதன்முதலாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அம்மா விஷக்காய்ச்சல் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நாட்களில் வீட்டில் சமைத்தது அப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அடுப்பில் மட்டும் அவருக்கு ஒன்றும் சரிவரவில்லை. காலையில் கஞ்சியும் சுட்ட பப்படமும். ராத்திரி சுட்ட பப்படமும் கஞ்சியும். தம்பி ஒருநாள் பப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதே விட்டான்.

வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து அம்மாவை உட்கார வைத்திருந்தோம். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போய், தலையைச் சேலை முந்தானையால் இறுக மூடியிருந்தாள். கை இரண்டும் குச்சியாக இருந்தன. தக்கலைச் சந்தி வரும்போது உச்சிவெயில். காளைகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார்.

அப்பா இறங்கி அங்குமிங்கும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "வீட்டுக்குப் போனா நீ நேரா அடுப்படிக்குத்தான் போவே. இங்கேயே தின்னுட்டுப் போவோம்."

"கடையிலயா? நானா?" என்றாள் அம்மா.

"எல்லாருந்தான்."

அந்தக் காலத்தில் காப்பிக் கடைக்குள் பெண்கள் காலெடுத்து வைப்பது அபூர்வம். ஆனால் அப்பா கூட்டிப்போனது காப்பிக் கடை இல்லை. பத்மநாபபுரம் கோட்டைக்குப் போகும் பாதையில் ஓர் ஓட்டு வீடு. அதன் முன்னறையில் நீள மேசை ஒன்று, இரண்டு பக்கமும் பெஞ்சு. அந்த வீட்டுக்காரர் கொழும்பில் ஓர் இத்தாலிக்காரரின் ஓட்டலில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவியும் அங்கேயே அதே சமையலறையில் வேலை பார்த்தவள். இருவருமாக அந்த இத்தாலிக்காரர் வீட்டுச் சாப்பாட்டை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கொழும்புக்காரர் கடை என்றால் சந்தியில் யாரும் வழி சொல்வார்கள். ஒரே மேசையில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதால், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா வீட்டில் நிற்பதுபோலவே அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் எழுந்து கைகழுவிய பிறகு, சட்டியில் மிச்சமிருப்பதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவாள். அது யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

கடைக்கார அம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு நிக்குறே மக்களே? தீனம் கெடந்து எழும்பினவ மாதிரி இருக்கியே, இரி."

"அவிய தின்னட்டும். நான் எல்லாருக்கும் விளம்பிக் குடுத்துட்டுப் பொறவு இரிக்கேன்."

"இங்க விளம்புகதுக்கு ஒண்ணுமில்ல. தாலத்தை நடுவில கொண்டு வைப்பேன், அவ்வளவுதான். அவனவன் எடுத்துத் திங்கணும். எல்லாரும் இருந்தாத்தான் தாலம் வரும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தம்பியை நகர்த்தி இடம் விட்டார். "ஆறிச்சுன்னா நல்லாயிருக்காதாம். இரி."

பெஞ்சின் நுனியில், எழுந்து ஓடத் தயாராக இருப்பவள்போல அம்மா உட்கார்ந்தாள்.

பிறகு தாலம் வந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலம் வைக்கிற அளவுக்குப் பெரிய பித்தளைத் தாலம். அதில் மைதாமாவை உருட்டி, பரத்தி, நாடா நாடாவாக அறுத்து வேகவைத்தது மலைபோலக் குவிந்திருந்தது. மேலே சீமைத்தக்காளியும் பூண்டும் கொத்திய ஆட்டிறைச்சியும் போட்டு வற்றவைத்த சிவந்த குழம்பு. அதன்மேல் வறுத்த தேங்காய்ப்பூ.

"அங்கெல்லாம் பால்கட்டியைச் சீவிப் போடுவாவ. இஞ்ச அதுக்கு எங்க போவ? தேங்காய்க்குப் பஞ்சமில்ல, அதைப் போட்டாச்சு" என்றார் கொழும்புக்காரர். "இதுக்குப் பேரு மக்ரோணி."

"நாக்குப்பூச்சி" என்றான் தம்பி.

அப்பா அவன் தொடையில் கிள்ளினார். கொழும்புக்காரர் கோபப்படவில்லை. "கொழும்பில வெள்ளக்காரப் பிள்ளையளும் இதைத்தான் சொல்லிச்சு" என்று சிரித்தபடி உள்ளே போனார்.

தாலம் நடுவில் இருந்தது. யார் முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் கை பழக்கத்தில் கரண்டியை நோக்கிப் போனது. அதற்குள் அப்பா எடுத்துவிட்டார். முதல் கரண்டியை அம்மாவின் தட்டில் வைத்தார். பாதி மேசையில் சிந்தியது. அவருக்கு விளம்பத் தெரியாது. ஒரு மாதம் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியும் பழகவில்லை.

அம்மா குனிந்துகொண்டு ஒரு நாடாவை விரலால் எடுத்தாள். அது நீண்டுகொண்டே வந்தது. கையை உயர்த்தினாள், இன்னும் வந்தது. மோவாயைத் தூக்கி நுனியை வாயில் வாங்கியபோது மறுநுனி வழுக்கித் திரும்பவும் தட்டில் விழுந்து, குழம்பு அவள் மூக்கில் தெறித்தது. தம்பி கெக்கலித்தான். அம்மாவும் சிரித்துவிட்டாள். அவள் திரும்பவும் சிரிப்பாள் என்பதையே நான் மறந்திருந்தேன் போலிருக்கிறது. நான் திங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் திங்கவில்லை என்று அப்பா கேட்டதற்கு காரம் கூடுதல் என்று பொய் சொன்னேன்.

அந்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. எங்கள் தேவாலயச் சபை டீக்கனாரும் அவர் மனைவியும். சபையில் யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பதே வேலையாக இருக்கிற மனிதர் அவர். அம்மா சட்டென்று எழப் போனாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பலரறிய அவர் அவளைத் தொட்டதையும் நான் அன்றுதான் பார்த்தேன்.

"டாக்டர் திங்கச் சொல்லியிருக்காரு, டீக்கனாரே" என்றார் அப்பா.

"நல்லது சாரே, நல்லது" என்று டீக்கனார் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மனைவி அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள். பெரிய சரீரம். வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

அம்மா தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

"அக்கா, இஞ்ச வந்து இரியுங்க. எல்லாரும் இருந்தாத்தான் தாலம் வருமாம்."

டீக்கனார் மனைவி தன் கணவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். அவள் மெல்ல வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு முனகியது. அவர்கள் தாலம் வந்ததும் இரண்டு பெண்களும் காய்ச்சலைப் பற்றியும் ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றியும் பேசியபடி நிதானமாகச் சாப்பிட்டார்கள். நாங்கள் கைகழுவி வந்த பிறகும் அவர்கள் பேச்சு முடியவில்லை. வண்டிக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதனால் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. உடம்பு தேறியதும் அம்மா பழையபடி அடுப்படியில் கடைசியாகத்தான் சாப்பிட்டாள். அப்பா சிலநாள் கூப்பிட்டுப் பார்த்தார். "நான் இருந்தா யாரு விளம்புகது? சும்ம இரியுங்க" என்பாள். வற்புறுத்தினால் எரிச்சல்பட்டாள்.

ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, "எனக்கு அந்த மக்ரோணி திங்கணும்போல இருக்கு. எல்லாரும் வாங்க" என்பார். நான்கு மைல் நடப்போம். அம்மா முதலில் முணுமுணுப்பாள், பிறகு நல்ல சேலையை எடுப்பாள். போகப்போக பெஞ்சின் நடுவிலேயே உட்கார்ந்தாள். சில சனிக்கிழமைகளில் டீக்கனார் மனைவி தனியாகவே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். அந்த நடையும், கோட்டை மதில் ஓரத்து நிழலும், கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கிற பூண்டு வாசமும் இப்போதும் எனக்கு வேண்டியிருக்கின்றன. அதைப்போல் ஒரு பசி பிறகு எனக்கு எடுத்ததில்லை.

அப்படி ஆறேழு வருஷம். பிறகு கொழும்பிலிருந்து பழைய முதலாளி கூப்பிட்டனுப்ப, அவர்கள் இருவரும் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவுக்காக வருத்தப்பட்டாள். "பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "உள்ளதைச் சொன்னா, அந்தச் சாமான் எனக்கு ஒரு நாளும் தொண்டையில எறங்கினதில்ல."

நானும் தம்பியும் வாயைப் பிளந்தோம். அம்மா அவர் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

"தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு வெள்ளம் குடிச்சுத்தானே முழுங்குவிய" என்றாள்.