முட்டைக்கார வீரய்யாவின் செருப்பு

ஆவுடையார்கோவில் சுற்றுவட்டாரத்தில் முட்டைக்கார வீரய்யாவைத் தெரியாத ஆள் கிடையாது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம். ஊர் ஊராகச் சைக்கிளில் போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, உமி பரப்பிய கூடையில் அடுக்கி, அறந்தாங்கிக்குக் கொண்டுபோய் விற்பான். உழைப்பாளிதான். ஆனால் எச்சில் கையால் காக்கா விரட்டாதவன். பெடலில் ரப்பர் கட்டை உதிர்ந்து வெறும் இரும்புக் கம்பி நின்றது. அதை மாற்ற மனசு வராது. அந்தக் கம்பி அவன் செருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

அந்த ஆடியில் அவன் அப்பா ஆண்டியப்பன் செத்துப்போனார். அவர் விட்டுப்போன டயர் செருப்பை மாட்டிக்கொண்டு வீரய்யா சைக்கிள் ஏறிப் பார்த்தான். அவர் கால் இவன் காலைவிட இரண்டு விரல் நீளம். பெடலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. போனவர் செருப்பைத் தொடாதீர்கள் என்று அவன் பெண்டாட்டி செவந்தி கத்தியதற்கு அவன் அசையவில்லை. கழன்று விழுந்ததால்தான் தூக்கிப் போட்டான்.

கருமாதி வந்தது. ஐயருக்குக் குடையும் புதுச் செருப்பும் தானம் கொடுக்க வேண்டும். போகிற வழி முள்ளும் அனலுமாம், போனவர் அதைப் போட்டுக்கொண்டுதான் நடந்தாக வேண்டுமாம். வீரய்யா சந்தையில் இருப்பதிலேயே மட்டமானதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். மேலே தோல் மாதிரி தெரியும், உள்ளே அத்தனையும் அட்டை. ஒரு வார் வேறு பிய்ந்திருந்தது. சைக்கிள் பையிலிருந்த வால்வு டியூப்பை வெட்டி, முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினான்.

“ஐயரு இதப் போட்டு நடக்கவா போறாரு?” என்றான்.

“ஒங்கப்பா நடப்பாருல்ல?” என்றாள் செவந்தி.

“செத்தவருக்குக் காலு கடுக்குமா? போடி அங்கிட்டு.”

ஐப்பசிக்குள் அவனுடைய செருப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. வீரய்யா அதற்குள் சாக்கைத் திணித்தான். உடைந்த முட்டை ஒழுகி, வேர்வை ஊறி, அந்தச் சாக்கு அடித்த நாற்றம் இருக்கிறதே, சீ! வாசலில் கழற்றினால் நாய் மோந்து பார்த்துவிட்டுத் தும்மும். செருப்புத் தைக்கிற திருப்பதி அதைக் கையால் தொடவே இல்லை. ஊசி முனையால் புரட்டிப் பார்த்தான்.

“இதுல தோலு எங்க இருக்கு, நான் தைக்க? ஊசியக் காத்துலயா குத்துறது?”

புதுசாகத் தைத்துத் தருகிறேன் என்று அவன் சொன்ன விலையைக் கேட்டதும் வீரய்யா எழுந்துகொண்டான். நேரே சந்தைக்குப் போய், குவித்துப் போட்டிருந்த மலிவுச் செருப்புகளைக் கிளறி ஒரு ஜோடி எடுத்தான். கறுப்பு மை பளபளத்தது. வாரில் ஒட்டுத் தோல் வைத்து மூடியிருந்தது. போட்டுப் பார்த்தால் அப்படியே பொருந்தியது.

“எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு” என்று வீட்டில் வந்து பீற்றிக்கொண்டான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. கூடை நிறைய முட்டை, கையிலிருந்த முதல் மொத்தமும் அதில்தான். கண்மாய்க் கரை ஏற்றத்தில் மிதிக்கும்போது செருப்பின் அடி ஊறிய அப்பளமாய்ப் பிளந்தது. பெடல் கம்பி பாதத்தைக் கிழித்தது. கால் வழுக்க, சைக்கிளும் அவனும் கூடையும் சரிவில் உருண்டார்கள்.

எழுந்து உட்கார்ந்தபோது தலையெல்லாம் முட்டை. அதில் அழுகிப்போன இரண்டு கூமுட்டை வேறு உடைந்து மூக்கிலும் வாயிலும் வழிந்தது. வாந்தி எடுத்தான். திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கண்மாய்க்குள் எறியக் கை ஓங்கினான். ஒட்டுத் தோல் கழன்று தொங்கியது. அதன் அடியில் வால்வு டியூப். கருமாதிச் செருப்பில் அவன் போட்ட அதே முடிச்சு.

ஐயர் வீட்டில் சேருகிற தானச் செருப்பு சந்தைக்கு வருவது ஊருக்கே தெரியும். அதில் அவனுக்கு அதிர்ச்சி இல்லை. இந்தச் செருப்பு தன் காலுக்குக் கச்சிதமாக இருந்ததே, அதுதான் மண்டையில் அடித்தது. அப்பா காலில் இது பாதிகூட நுழைந்திருக்காது. அளவுகூடப் பார்க்கவில்லை. தூ, நானும் ஒரு பிள்ளையா என்று தலையில் அடித்துக்கொண்டான். கையிலும் கூமுட்டைதான் நாறியது.

மறுநாள் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு திருப்பதி முன்னால் போய் நின்றான்.

“டயர் போட்டு ஒரு ஜோடி தைப்பா. நல்ல தோலா இருக்கட்டும்.”

“கால வைங்க, அளவெடுக்கணும்.”

வீரய்யா மண்ணில் காலை வைத்தான். பெருவிரலுக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளிக் கோடு கிழித்தான்.

“இம்புட்டு நீளம்.”

“ஒங்க காலு அம்புட்டு இல்லையே.”

“எங்கப்பாவுக்கு. வருசத் திவசத்துக்கு ஐயரு கையில குடுக்கணும்.”

திருப்பதி சிரித்துவிட்டான். “அதுவும் சந்தைக்குத்தாங்க வரும்.”

“வரட்டும்” என்றான் வீரய்யா. “என் காலுக்குச் சேராது.”