உயிருள்ள கல்லை வேகவைத்தார்கள்

செவிலிமேட்டில் நாங்கள் இருக்கும் வீட்டுக் கூடத்தில் என் மருமகள் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறாள். மூன்று குடம் தண்ணீருக்கு மேல் பிடிக்காத சின்னத் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். ஒரு மாதமாக மீனும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்காரர் பவளக் கல் துண்டுகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்து காட்டினார். கடலில் போய் ஒடித்து எடுப்பது இப்போது குற்றமாம். இவை தொட்டியிலேயே ஒட்டி வளர்த்த துண்டுகளாம். மான்கொம்பு போலக் கிளைவிட்டிருந்த ஒன்றின் மேல் மருமகளுக்குக் கண் போயிற்று.

"அது வேணாம்மா. தண்ணி கொஞ்சம் மாறினாலும் போயிடும். மொத மொத வெக்கிறவங்க இந்த மாதிரி குண்டா, பழுப்பா இருக்குது பாருங்க, இதத்தான் வெக்கணும். பாக்க சுமாரா இருக்கும், ஆனா தாங்கும். வெளுத்துப்போச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார் அவர்.

நான் கதவோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியாட்கள் எதிரில் எனக்கு வாய் வராது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கீரையைக் காம்போடு கிள்ளி எறிந்தேன். அறுபது வருஷத்துக்கு மேலான கோபம் அது. இதே மாதிரி ஒரு பழுப்புக் குண்டுக் கல்லை எட்டு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், நான் சரியாகத் தேர்ந்தெடுத்தேன். என் வீட்டார் அதை என்ன செய்தார்கள் என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் ஆறாது.

அப்போது நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டுக்குச் சாயம் போடும் வேலை. கச்சாப் பட்டு முதலில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குத்தான் வரும். வரும்போது அது மினுக்காது. மேலே கோந்து அப்பிக்கொண்டு மங்கலாய், விறைப்பாய் இருக்கும். சவுக்காரமும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் செப்பு அண்டாவில் அதைக் கழியில் மாட்டி முக்கி முக்கி எடுத்தால் கோந்து கரைந்து நூல் வெளுத்துவிடும். அந்த வேலைக்குப் பெயரே வெளுப்பு. எங்கள் வீட்டில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. எந்தக் காரியம் ஒழுங்காக முடிந்தாலும், "வெளுப்பு சுத்தமா வந்துச்சு" என்பார் அப்பா.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ராமேசுவரம் போய்வந்தார். அவர் பொய் சொல்லாத நாள் உடம்பு சரியில்லாத நாள் என்று அம்மாவே சொல்வாள். வரும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கல் கொண்டுவந்தார். இரண்டு கல் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கியவை, சுண்ணாம்பு போல வெள்ளை. ஒன்று மான்கொம்பு, இன்னொன்று விரிந்த தாமரை. எனக்கு வாங்க மறந்துவிட்டார். ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஓடிப்போய்க் கரையில் ஒரு வலைக்காரரைக் கேட்டிருக்கிறார். வலையில் சிக்கிக் கிடந்ததை அவர் தூக்கிக் கொடுத்தாராம். காய்ந்தால் நாறும் என்று சொன்னதால் எண்ணெய் டின்னில் கடல் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு எடுத்துவந்தார். தேங்காய் மூடி அளவு, பழுப்பு நிறம், மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி.

மறந்ததை ஒப்புக்கொள்வாரா? மூன்றையும் வரிசையாக வைத்து, "சின்னவ மொதல்ல எடுக்கட்டும்பா" என்றார் பெரிய மனது உள்ளவர் போல. நான் வெள்ளையில் ஒன்றை எடுப்பேன், பழுப்பு யார் தலையிலாவது விழும் என்று நினைத்திருப்பார். நான் பழுப்பை எடுத்தேன். இதில் பெரிய யோசனை ஒன்றுமில்லை. மற்ற இரண்டும் தட்டில் இருந்தன, இது தண்ணீரில் இருந்தது. ஒன்றைத் தண்ணீரில் வைத்து அத்தனை தூரம் சுமந்துவருகிறார்கள் என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அக்காக்கள் இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வரட்டிய எடுத்துக்கினா பாரு" என்றாள் பெரியவள். சின்ன அக்கா, காய்ந்ததும் அடுப்பில் போடலாம் என்றாள். மாமாவுக்கே சங்கடமாகிவிட்டது. அதை மறைக்க, "அதான்மா உசுரோட இருக்குது. மத்தது ரெண்டும் பொணம்" என்று ஒரு போடு போட்டார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் பொய் என்று நினைத்துத்தான் சொன்னார்.

நான் நம்பினேன். மிட்டாய் பாட்டில் ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. டின் தண்ணீரோடு கல்லை அதற்கு மாற்றி, வெயில் சாய்வாக விழும் ஜன்னலடியில் வைத்தேன். சாயத்துக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஆகும் என்று அப்பா நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். நானும் அப்படியே பார்த்தேன். முதல் நாள் உப்பு எப்படி இருந்ததென்று நாக்குக்கு நினைவிருந்தது. மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வற்றி, உப்பு கூடியிருந்தது. நல்ல தண்ணீர் அரை டம்ளர் விட்டுச் சரிசெய்தேன். இப்போது மருமகள் அதையே ஒரு கருவியை வைத்துப் பார்த்துச் செய்கிறாள்.

இரண்டாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தேன். ஒவ்வொரு குழியிலிருந்தும் இழை இழையாக ஏதோ வெளியே வந்திருந்தது. பட்டு நூலைப் பிரித்தால் வருமே, அந்தச் சன்னம். விரலைத் தண்ணீரில் விட்டேன். அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டது. ஓடிப்போய்ப் பெரிய அக்காவை இழுத்துவந்தேன். அதற்குள் ஒன்றுமில்லை, வெறும் கல். "வரட்டிக்கு மீச மொளச்சிருக்குதாம்" என்று அவள் வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன். அப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பட்டு நூல் சிட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவரும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமா வந்தார். உயிரோடு இருக்கிறது என்று சொன்னவரே அவர்தானே, சாட்சி சொல்லட்டும் என்று கையைப் பிடித்து ஜன்னலடிக்குக் கூட்டிப்போனேன். அவர் கல்லைத் தண்ணீரிலிருந்து வெடுக்கென்று வெளியே எடுத்தார், திருப்பினார், கட்டை விரலால் தேய்த்தார். அதன் மேல் கோழை போல வழவழவென்று ஏதோ ஊறி வழிந்தது. மாமா முகத்தைச் சுளித்து மோந்து பார்த்தார்.

"நான் சும்மா சொன்னேன்மா. கல்லுக்கு ஏது உசுரு?"

அக்காக்கள் எதிரில் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, கையைத் துடைக்கத் துணி கேட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் காலியாக இருந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பின்கட்டில் அம்மா யாரிடமோ சண்டை போடும் சத்தம் கேட்டது. முகூர்த்தப் பட்டுக்கென்று வைத்திருந்த உயர்ந்த சவுக்காரத்தைப் போயும் போயும் ஒரு கல்லுக்குப் போட்டீர்களே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்துக்கு ஓடினேன்.

அப்பாதான். காலையில் மாமா கையில் வழிந்த வழவழப்பை அவர் பார்த்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அழுக்கு என்றிருப்பார்கள். அவர் கண்ணுக்கு அது கோந்து. கோந்து இருந்தால் உள்ளே வெள்ளை இருக்கும், எடுத்தால் மினுக்கும். பட்டை இறக்கும் முன் புதுத் தண்ணீரில், முதல் கொதியில், என் கல்லைத் துணியில் கட்டி அண்டாவில் முக்கி வைத்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. அந்த இழைகள் எத்தனையாவது நிமிஷத்தில் கரைந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் முற்றத்தில் என்னைப் பார்த்ததும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மாடத்திலிருந்து அதை எடுத்து வந்தார். பழுப்பு போன இடம் தெரியவில்லை. பல்லைப் போல வெளுத்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் பூவிதழ் மாதிரி மெல்லிய தடுப்புகள் தெரிந்தன. அக்காக்களுடைய இரண்டும் அதன் பக்கத்தில் மங்கல்தான்.

"இந்தாம்மா. அவங்களுது இவ்ளோ வெள்ளையா இருக்குதா, போய்க் காட்டு."

வாங்கினேன். சவுக்கார வாசனை அடித்தது. இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. கத்த வேண்டும், உயிரோடு இருந்ததே, நான் பார்த்தேனே என்று சொல்ல வேண்டும். எனக்கு எந்தக் காலத்தில் வாய் வந்தது? இரண்டு கையாலும் அதைத் தூக்கி, சாயத் தண்ணீர் போகும் குழியில் எறிந்தேன். அன்று அரக்குச் சாயம் போட்டிருந்தார்கள். கல் ஒருமுறை மிதப்பது போலத் தெரிந்து, அந்தச் சிவப்பில் போய்விட்டது.

அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. திட்டும் விழவில்லை. அம்மா, "இதுக்குத்தான் அந்தச் சவுக்காரமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அப்பா மட்டும் போகவில்லை. கல்லை என்னிடம் கொடுத்த கையை அவர் இன்னும் இறக்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்வதையும் செய்துவிட்டு, எதற்காக இப்படிப் போகாமல் என் எதிரில் நிற்கிறார், இன்னும் என்ன வேண்டும் இவருக்கு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.