சிங்க டாக்டர் கலக்கிய பசை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஆமை தானாக வரவில்லை. நான்தான் தூக்கி வந்தேன். மழையில் சதுப்பு நிலம் நிரம்பி வழிந்த வாரம் அது. ஏதோ பைக் ஏறியதில் ஓட்டில் நீளமாக விரிசல் விட்டு, சாலையோரம் கிடந்தது. வாசற்படி தாண்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மாடிப்படிக்கு அடியில் பழைய பெயின்ட் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் விட்டேன். தண்ணீரில் வாழும் ஜீவனுக்குத் தண்ணீர் கொடுத்த புண்ணியவதி என்று எனக்கே என்மேல் பெருமை.

காலையில் ஆமை தலையை நீட்டவே இல்லை. பதறிப்போய் அதைப் பாவாடையில் துடைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் ஓடினேன். பெண்கள் யாரும் போகாத காலத்தில் மிருகக்காட்சி சாலைக்கு டாக்டராகப் போய், புலிக்குப் பல் பிடுங்கி, ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு சிங்க டாக்டர் என்றே பெயர்.

"தண்ணில போட்டீங்களா?" என்றார், விரிசலைப் பார்த்துக்கொண்டே.

"சேச்சே, இல்ல டாக்டரம்மா. சும்மா ஓரமா வச்சிருந்திச்சு பொண்ணு" என்றார், ஒன்றும் தெரியாத சித்தப்பா. டாக்டரம்மா கேட்ட குரலுக்குப் பயந்து நானும் தலையாட்டினேன்.

"நல்லது. உள்ள அழுக்குத் தண்ணி போயிருந்து, தெரியாம ஒட்டிட்டோம்னா, உள்ளயே சீழ் வச்சு செத்துடும்."

ஓட்டை ஒட்ட, ஒரு கண்ணாடித் துண்டில் இரண்டு ட்யூபிலிருந்து பசையைப் பிதுக்கிக் குச்சியால் கலக்கினார். கரண்ட் வந்துவிட்டதா என்று சித்தப்பாவை விசாரித்தார். கலக்கினார். தண்ணீர் வடிந்ததா என்று கேட்டார். இன்னும் கலக்கினார். சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் ஆமை போய்விடும்.

"நான்தான் பக்கெட்ல போட்டேன். ராத்திரி பூரா தண்ணிலதான் இருந்துச்சு" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

"அடிப்பாவி!" என்றார் சித்தப்பா. டாக்டரம்மா திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. இறுகிப்போன பசையைக் குச்சியோடு குப்பையில் போட்டுவிட்டு, புண்ணைக் கழுவ ஆரம்பித்தார்.

பல நாள் மருந்து போட்டுக் காயவைத்த பிறகே புதுப் பசை கலந்து ஒட்டினார். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் தண்ணீரோரம் விட்டபோது, ஆமை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவள கால்நடை டாக்டருக்குப் படிக்க வைங்க" என்றார் டாக்டரம்மா, அம்மாவிடம். ஆமை புகுந்த பலன் இதுதான் என்று அம்மா நொந்துகொண்டாள். நான் அழுத அழுகையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது தாம்பரத்தில் எனக்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது. நாய்க்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்பார்கள். நாயின் மீசையில் சாக்லேட் ஒட்டியிருக்கும்.

அதே மாதிரிப் பசை என் மேஜையிலும் உண்டு. கலந்தால் ஐந்தே நிமிடத்தில் கல்லாகிவிடும். உடனே பூசிவிட வேண்டும். அன்று ஆமையைத் துடைத்த என் பாவாடை முழுக்க ஈரம். அதைப் பார்க்காமலா அவர் அத்தனை நேரம் கலக்கிக்கொண்டிருந்தார்?