அந்தப் படத்தில் நான் நடிக்கவில்லை

இத்தாலியின் பலெர்மோவில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மனைவியோடு வியா மக்வேதா தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். பக்கத்துச் சதுக்கத்தில் உலகப்போரை நடித்துக் காட்டினார்கள். செத்த சிப்பாயாகக் கிடந்த ஒருவரை நானும் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தேன்.

திடீரென வெற்று வேட்டுகள் வெடித்தன. மறுகணம் நான் தரையில் குப்புறக் கிடந்தேன். நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கைகளை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்திருந்தேன். வன்னியில் ஷெல்லடிக்கு அப்படித்தான் படுப்போம்.

"எழும்புங்கோ அப்பா, இது சும்மா வேட்டு," என்று மனைவி தோளைத் தொட்டாள். அவளும் என் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

தலையைத் தூக்கினால், முகத்துக்கு நேரே ஒரு கமரா. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். படத்தை அழிக்கச் சொல்ல எனக்கு இத்தாலியன் தெரியும், ஆனால் நான் எழும்புவதற்குள் கமராக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள், நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா தன் போனை நீட்டினார். யாரோ அவருக்கு அனுப்பிய படம். அதில் என் திறந்த வாய்.

"எவ்வளவு நன்றாக நடிக்கிறாய்! எங்கே பழகினாய்?"

"ஊரில்," என்றேன். அவர் சிரித்தார்.

என் போனிலிருந்த அந்தச் சிப்பாயை அன்றே அழித்துவிட்டேன். நான்தான் இன்னும் எத்தனை பேருடைய போனில் குப்புறக் கிடக்கிறேனோ, தெரியாது.