அடிப்பிடிக்காத பிரதமன்

அன்று நான் கொட்டச் சொன்னது முந்நூறு பேருக்கான சிறுபயற்றுப் பிரதமன், எங்கள் பக்கத்துப் பாயசம். சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். பந்திக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். மண்டபத்தின் பின்னால் சமையலுக்குப் போட்ட ஆக்குப்புரையில், வெண்கல உருளியில் தேங்காயின் இரண்டாம் பாலில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது. கருகல் நாற்றம் குப்பென்று ஏறியது.

“அடி பிடிச்சாச்சு. எறக்கிக் கொட்டு” என்றேன்.

இருபது வருடமாக என்னோடு கரண்டி பிடிக்கும் சுயம்பு தயங்கினான். “அண்ணாச்சி, எனக்கு அப்பிடி ஒண்ணும் தெரியல்லியே.”

“அப்பம் ஒனக்கு மூக்கு எதுக்குலே இருக்கு? கொட்டு.”

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையாருக்கு இலை போட்டு விளம்பும்வரை யாரும் ருசி பார்ப்பதில்லை. ஆவியை முகர்ந்தே தலைமைச் சமையல்காரன் பதம் சொல்ல வேண்டும். அவன் சொன்னால் மறுபேச்சில்லை. சுயம்பு பின்னால் இருந்த குழியில் கொட்டிவிட்டான்.

கழுவப் போன உருளியை என் முன்னால் சாய்த்துக் காட்டினான். அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

அதற்கு நாலு மாதத்துக்கு முன் எனக்குக் கொரோனா வந்து போயிருந்தது. முதலில் மணமே தெரியவில்லை. பிறகு தெரிந்தது, கோணலாக. காப்பி கருகிய முடியாக நாறியது, தேங்காய் எண்ணெய் அழுகிய வெங்காயமாக. வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. மூக்குப் போன சமையல்காரனை எவன் கூப்பிடுவான்? அந்தப் பயத்தில் மறைத்து, நல்ல பிரதமனைக் குழியில் ஊற்றிவிட்டேன். பிரதமன் இல்லாமல் பந்தி போட்டால் எங்கள் பக்கம் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். தலைகுனிவு பெண்ணின் அப்பாவுக்கு.

“மக்கா, எனக்கு மூக்கு கெட்டுப்போச்சு. இனி நீ மணம் பாத்துச் சொல்லு, நான் கிண்டுகேன்.”

“இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா” என்றான் சுயம்பு.

பெண்ணின் அப்பாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட வைத்திருந்த பழுத்த ஏத்தன் வாழைக்குலைகளைக் கேட்டேன். அவர் குழி இருந்த பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பந்திக்குப் பிரதமன் வருமா வராதா? அத மட்டும் சொல்லும்.”

“வரும்.”

“அப்பம் இங்க நிக்காண்டாம். கொலைய எடுத்துட்டுப் போவும். மத்தத நாளைக்குப் பேசிக்கிடுவோம்.”

பழத்தை வேகவைத்து மசித்து, சர்க்கரைப்பாகில் வரட்டி, மீதமிருந்த தேங்காய்ப்பாலைச் சேர்த்தோம். சுயம்பு இறக்கச் சொன்னதும் இறக்கினேன். பந்தியில் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா சொன்னபடியே நன்றாகப் பேசினார். ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

நாகர்கோவிலில் ஒரு டாக்டர், கிராம்பு, எலுமிச்சை, ஏலக்காய், சுக்கு இவற்றைக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். ஒன்றரை வருடமாக முகர்கிறேன். கிராம்பு முதலில் வந்தது. காப்பி இன்னும் பாதி வழியில் நிற்கிறது. இப்போதெல்லாம் வேலை பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: “கை என்னுது, மூக்கு சுயம்புக்குள்ளது.” சிலர் வேறு ஆளைத் தேடினார்கள். பலர் சிரித்துவிட்டு நாள் சொன்னார்கள். புதிதாகக் கரண்டி பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உடம்பில் குறை வந்தால் கூட நிற்பவனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் பருப்பு வறுக்கும்போது கருகல் அடித்தது.

“சுயம்பு, கரியுதா, இல்ல எனக்கு மட்டுமா?”

அவன் குனிந்து முகர்ந்தான். “கரியத்தான் செய்யுது அண்ணாச்சி. தீயக் கொறையும்.”

பருப்பு கருகியதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.